பொதுச் சொத்தாகப் பிறந்த வலை

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகரின் ஓரத்தில் அமைந்துள்ள சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தின் அதிகாரிகள் இருவர் ஒரு சிறிய பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். அந்நிலையத்தில் வேலைபார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ‘உலகளாவிய வலை’யின் மென்பொருள்மீது தங்களுக்குள்ள உரிமைகள் அனைத்தையும் துறந்துவிடுவதாகவும், அதனை எவரும் எவருடைய அனுமதியுமின்றி எடுத்தாளலாம், மாற்றியமைக்கலாம், பிறருக்கு வழங்கலாம் என்றும் அப்பத்திரம் கூறிற்று. அலங்காரமான வாசகமோ, எதிர்காலத்தைப் பற்றிய ஆரூடமோ அதில் ஒன்றுமில்லை. ஆயினும் சென்ற முப்பது ஆண்டுகளில் மனித சமூகத்தின் அன்றாட வாழ்வை மாற்றியமைத்த பத்திரங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், அரசியல் சாசனங்களையும் சமாதான உடன்படிக்கைகளையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நான் இதையே முதலில் வைப்பேன்.

இதன் பெருமையை உணர வேண்டுமானால், அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த வேறொரு காரியத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்னசோட்டா சர்வகலாசாலையில் 1991-இல் உருவான ‘கோஃபர்’ என்னும் ஏற்பாடு, தொலைவிலுள்ள கணினிகளில் சேமித்த தகவல்களைப் பட்டியல் பட்டியலாகத் திறந்துகாட்டி, வேண்டியதை எடுத்துத் தரும் வேலையைச் செம்மையாகச் செய்துவந்தது. அந்நாளில் வலையைக் காட்டிலும் அதற்கே உபயோகிப்போர் அதிகம். சர்வகலாசாலைக்கோ பணமுடை, எனவே வியாபார நோக்கத்தோடு கோஃபரை நடத்துவோர் இனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 1993-இல் அறிவித்தார்கள். கேட்டது அநியாயம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், இன்று வியாபாரியிடம் கேட்பவர்கள் நாளை நம்மிடமும் கேட்கமாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம் என்ற ஐயம் ஒன்று ஜனங்கள் மனத்தில் விழுந்ததே போதுமானதாயிற்று. சில ஆண்டுகளுக்குள் கோஃபர் வழக்கொழிந்தது. திறமையில் தோற்று ஒழிந்ததன்று அது. உடைமையாளர் ஒருவர் இருந்ததனால் ஒழிந்தது.

பெர்னர்ஸ்-லீ புதிய யந்திரம் எதனையும் கண்டுபிடிக்கவில்லை. கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இணையம் அவருக்கு முன்பே இருந்தது. ஓர் எழுத்தின் நடுவிலிருந்து மற்றோர் எழுத்துக்குத் தாவிச் செல்லும் யோசனையும் பழையதே: பிரஸ்ஸல்ஸ் நகரில் பால் ஓத்லே என்பவர், உலகத்து நூலறிவை எல்லாம் ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளில் குறித்துவைத்துத் தொடர்புபடுத்தும் முயற்சியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார், அமெரிக்க விஞ்ஞானி வானிவர் புஷ், மேஜை வடிவிலான ஒரு ஞாபக யந்திரத்தைக் கற்பித்து 1945-இல் கட்டுரை எழுதினார், டெட் நெல்சன் அறுபதுகளிலேயே அந்த யோசனைக்குப் பெயரும் சூட்டிவிட்டார். 1989 மார்ச் மாதத்தில் பெர்னர்ஸ்-லீ தம் மேலதிகாரியிடம் கொடுத்த திட்டக் குறிப்பின் தலைப்பில், தெளிவாக இல்லை, ஆனாலும் உற்சாகமூட்டுகிறது என்ற கருத்துப்பட அவ்வதிகாரி ஒரு வரி எழுதிவைத்தார் என்பது இன்று பிரசித்தமான கதை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி, அப்பக்கத்தைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு விதி, அதை எழுதுவதற்கு ஓர் எளிய முறை என்ற மூன்றையும் அவர் ஒன்றுசேர்த்தார். சேர்த்தபின், எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும், அதற்கு உரியவரைக் கேளாமலே இணைப்புக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார். நெல்சன் முதலியோர் இதை ஒப்பவில்லை. இணைப்பு என்றால் இருபுறமும் பிணைந்து, ஒருநாளும் அறாததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் அறாத இணைப்புக்கு ஒரு மத்தியப் பதிவேடு வேண்டும். பதிவேடு இருந்தால் அதற்கு ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரி வந்தால் அனுமதியும் கட்டணமும் பின்னாலேயே வரும். பெர்னர்ஸ்-லீ அறுந்துபோகும் இணைப்பைச் சகித்துக்கொண்டு அதிகாரியைத் தவிர்த்தார். அந்தப் பேரத்தின் லாபத்தை முப்பது ஆண்டுகளாக அனுபவித்துவிட்ட நாம், அதன் நஷ்டத்தை இப்பொழுதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறோம்.

அறிவைப் பொதுவாக்கும் காரியம் தமிழர்க்குப் புதியதன்று. பாரதியார் மறைந்தபின் அவர் எழுத்தின் உரிமைகள் கைமாறிக் கைமாறி, பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் கையாளும் உரிமை படஅதிபர் ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து நின்றது. நாடு முழுவதும் பாடிய பாட்டுக்குத் தனி உடைமையாளர் ஒருவர் இருப்பது தகுமா என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் கிளர்ச்சி செய்ய, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு 1949-இல் அவ்வுரிமைகளைத் தன்வசமாக்கிக்கொள்ள முடிவு செய்தது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. ஜெனீவாப் பத்திரத்துக்கு 44 ஆண்டுகள் முந்திய செயல் இது. அதனைத் தொடர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. உரியவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து, எவரும் அச்சிடலாம் என்று திறந்துவிடும் இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு, தேர்வில் அரசியல் உண்டு என்பதெல்லாம் வேறு விஷயம். வலையில் இன்று பாரதியின் கவிதை எந்த மூலையில் தேடினாலும் அகப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் கவிதையின் சிறப்பு மட்டுமன்று. அதன்மீது வழக்குத் தொடர ஒருவருமில்லை என்பதும் காரணம்.

ஜெனீவா நகரம் அமைந்துள்ள லேமான் ஏரியின் கரையிலேயே, சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், லோசான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் என்னும் ரசாயன விஞ்ஞானி, கணினியில் தமிழ் எழுதுவதற்காக எழுத்துரு ஒன்றை அமைத்து, ‘மயிலை’ என்று பெயரிட்டு எவரிடமும் காசு வாங்காமல் வழங்கினார். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளன்று, அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அவரும் சேர்ந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழைதிருத்தி, யாவர்க்கும் இலவசமாக வைக்கும் அவ்வேலையில் பல தேசங்களிலிருந்து அன்பர்கள் ஈடுபட்டார்கள். ஊதியமில்லை, அலுவலகமில்லை, ஒருவரையொருவர் முகம் பார்த்ததுமில்லை. அதற்கு முன்பே, 1995-இல், சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் வலையேற்றப்பட்டபோது, எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ் அதிலே இடம்பெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளால் தமிழில் எழுதும் வழியை எளிதாக்கினார். இந்தப் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது சற்று வெட்கமாகவும் இருக்கிறது: சிங்கப்பூர், கோலாலம்பூர், லோசான். தமிழ்நாட்டில் அத்தனை சர்வகலாசாலைகள் இருந்தும், தமிழ் வலையேறியது கடல்கடந்த தமிழரின் தோள்மீதுதான். சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 2001-இல்.

கடல்கடந்தோருக்கு இதில் அவசரம் இருந்ததற்குக் காரணமும் உண்டு. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. ஒரே கட்டிடத்தில் ஒரே பிரதியாக அறிவைச் சேமித்து வைப்பதன் அபாயத்தை அவ்வளவு கொடூரமாக உணர்ந்த சமூகம் அரிது. 2005-இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கோவில் மலர்களையும் பள்ளி இதழ்களையும் ஒன்றுவிடாமல் தேடிப் படியெடுத்து வைத்துவருகிறது. ஒரு சிறு ஊரின் சனசமூக நிலைய மலரை டொராண்டோவில் இருக்கும் பேரன் திறந்து, தாத்தாவின் பெயரைக் கண்டுகொள்ள முடிகிறதென்றால், வலையினால் சமூகத்துக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்கு எனக்கு வேறு விடை அவசியமில்லை.

இவ்விடத்தில் எழுத்துக் குறியாக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவையற்ற விஷயந்தான், ஆனால் இதில்தான் முக்கியமான பாடம் அடங்கியிருக்கிறது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஒன்றை வாசிக்கும் கணினியில் மற்றொன்று கோணல்மாணலான குறிகளாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கை வகுத்தது. உலகத்து எழுத்துக்களையெல்லாம் ஒரே அட்டவணையில் அடக்கிய ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இல் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் எழுதி வலையேற்றப்பட்ட பக்கங்களில் பல, இன்று கிடைத்தாலும் படிக்க முடியாத குப்பைகளாக இருக்கின்றன. கல்வெட்டு மூவாயிரம் வருஷம் நிற்கிறது, ஓலை முந்நூறு வருஷம் தாங்குகிறது. மின்னெழுத்தோ இருபதே வருஷத்தில் வாசிக்க ஆளற்றுப் போயிற்று.

வலை நம் வாழ்வில் செய்த மாறுதல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. வாசகர் அறியாததும் அதில் அதிகமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மாலைப் பத்திரிகையின் விசேஷப் பதிப்புக்காகப் பேருந்து நிலையத்தில் காத்துக் கிடந்து, பொடி எழுத்தில் அச்சான எண்களுக்குள் தன் எண்ணைத் தேடி, காணாமற்போனால் வீட்டுக்குத் திரும்ப அஞ்சி நின்ற தலைமுறை இன்னும் நடுவயதைத் தாண்டிவிடவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்ட மாத்திரத்தில் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். பட்டா நகலுக்காகத் தாலுகா அலுவலகத்தின் வராந்தாவிலும், வில்லங்கச் சான்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தின் மரத்தடியிலும் கழிந்த பொழுதுகள் மீதமாகியிருக்கின்றன. இதனால் இடைத்தரகர் ஒழிந்தார் என்று பேசுவோர் உண்டு; எனக்கு அது சம்மதமில்லை. தரகர் ஒழியவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார். படிவத்தைத் தாமே நிரப்ப இயலாத முதியவர், பிரவுசிங் சென்டரில் இருக்கும் இளைஞனிடம் தம் ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அவன் என்ன எழுதினான் என்று அறியாமலே கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். பழைய தரகருக்கு அவருடைய நிலத்தின் சர்வே எண் மட்டுமே தெரியும்.

பொதுவாகப் பிறந்த வலை எப்படிச் சிலருடைய வேலிக்குள் போயிற்று என்பதற்கு ஒரு சிறு சான்று அதன் விதிகளுக்குள்ளேயே புதைந்துகிடக்கிறது. ஒரு பக்கத்தைக் கேட்கும்போது கணினி திருப்பிச் சொல்லும் விடைகளுக்கு எண்கள் உண்டு; பக்கம் இல்லை என்பதற்கு 404 என்பது எல்லோரும் அறிந்தது. 402 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. பணம் செலுத்தினால் பக்கம் கிடைக்கும் என்பது அதன் பொருள். பிற்கால உபயோகத்துக்கு என்று தொண்ணூறுகளிலேயே ஒதுக்கப்பட்ட அந்த எண், அதன்படி பணம் வாங்கும் ஏற்பாடு எதுவும் நிலைபெறாமையால், உபயோகமின்றியே கிடந்தது. எழுதுபவன் சாப்பிட வேண்டும், வழங்கியை நடத்துபவன் மின்கட்டணம் கட்ட வேண்டும். வாசகனிடமிருந்து நேரே காசு வாங்கும் வழி அமையாத இடத்திலே விளம்பரம் வந்து உட்கார்ந்தது. 1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்டு’ என்ற வலைப்பத்திரிகையில் முதல் விளம்பரப் பட்டைகள் தோன்றின. அதே வருஷத்தில், கடையில் பொருள் பொறுக்கும் வாடிக்கையாளரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக நெட்ஸ்கேப் கம்பெனியில் அமைக்கப்பட்ட ‘குக்கீ’ என்னும் சிறு குறிப்பு, நாளடைவில் யார் எதைப் படிக்கிறார், எங்கே தங்குகிறார், எதற்கு ஆசைப்படுகிறார் என்பதையெல்லாம் பின்தொடர்ந்து எழுதிவைக்கும் ஒற்றனாக வளர்ந்தது. ஊர் மந்தைவெளியில் முதல் வருஷம் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் போடுவார். அடுத்த வருஷம் பந்தலுக்குச் சுவர் எழும். மூன்றாம் வருஷம் அவர் பெயருக்குப் பட்டா இருக்கும். கூகிளும் ஃபேஸ்புக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தன. அவர்கள் கொடுத்த தண்ணீர் இனிப்பாகவே இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஒருமுறை வேலி போட வந்தவரை இந்த நாடு தடுத்து நிறுத்தியதும் உண்டு. ஃபேஸ்புக் நிறுவனம், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்டும் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்னும் திட்டத்தை இந்தியாவில் பரப்ப முற்பட்டது. ஏழைக்கு ஒன்றுமில்லாததைவிடச் சிறிதளவு மேல் அல்லவா என்று பெரிய பெரிய விளம்பரங்கள் வாதித்தன. அந்த வாதத்துக்கு மயங்கிய அறிவாளிகளும் இருந்தார்கள். எதைப் படிப்பது என்பதை ஏழைக்காக ஒரு கம்பெனி தீர்மானிப்பதா என்று கேட்டவர்கள் இளைஞர்கள், பெரும்பாலும் கணினித் தொழிலில் இருந்தவர்கள். 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவின் விலை சரிந்து, ஏழைக்கும் முழு வலையே கைக்கெட்டிற்று. அந்தத் தீர்ப்பு வராதிருந்தால், கிராமத்தில் வளரும் ஒரு தலைமுறை, கம்பெனி காட்டிய ஜன்னலையே உலகம் என்று நம்பியிருக்கும்.

வலையால் பொய் பெருகிவிட்டது என்பது இந்நாளின் பொதுப்படையான முறையீடு. அதிலே ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். 2018 மே மாதத்தில், போளூருக்கு அருகே, குலதெய்வக் கோவிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துவோர் என்று எண்ணி ஊரார் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த எண்ணத்தை ஊராரின் மனத்தில் விதைத்த வதந்தி, வாட்ஸ்அப்பில் கைக்குக் கை மாறி வந்தது. வலையில் வெளியாகும் எழுத்துக்கு முகவரி உண்டு. இன்னார் எழுதினார், இந்நாளில் எழுதினார் என்று திரும்பச் சென்று பார்த்து, மறுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். பூட்டிய அறைகளுக்குள் கைமாறும் செய்திக்கோ தந்தையுமில்லை, ஊருமில்லை. நம்மில் பெரும்பாலோர் இன்று வலை என்று சொல்லி உலாவுவது முகவரியற்ற இந்த அறைகளுக்குள்ளேதான். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, திருப்பூரிலிருந்து மக்கள் ரயிலேறிப் புறப்பட்டபோதும், பொய்யைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அக்காணொளிகளின் மூலத்தைத் திறந்த வலையில் தேடித்தான் சொன்னார்கள்.

அரசாங்கங்களோ இந்நோய்க்கு ஒரே மருந்தை அறிந்திருக்கின்றன: இணைப்பைத் துண்டிப்பது. இலங்கையில் 2018 கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்டில் அறுந்த அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சாசனத்தின் காப்புக்கு உட்பட்டவை என்றும், காலவரையறையற்ற துண்டிப்பு செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. கூறியபின்னும் கலவரம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கம்பியைப் பிடுங்கும் வழக்கம் மாவட்ட அதிகாரிகளிடமிருந்து போகவில்லை.

இனி வரப்போவது என்ன? அறுந்துபோகும் இணைப்பைப் பற்றிச் சொன்னேன். பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பங்கு பத்தே ஆண்டுகளில் மறைந்துவிட்டன. தொண்ணூறுகளில் எளிய ஜனங்கள் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸ் தளத்தை வாங்கிய யாஹூ நிறுவனம் 2009-இல் அதை மூடிற்று. இந்தியர் கூட்டங்கூட்டமாகப் புழங்கிய ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019-இல். அங்கே எழுதிய லட்சோபலட்சம் பேருடைய எழுத்தில் எஞ்சியது, சான்பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996-இல் தொடங்கிய இணைய ஆவணகம் அள்ளிச் சேர்த்த அளவுதான். ஒரு தனிமனிதரின் முயற்சியில் எழுந்த, நன்கொடையால் நடக்கும் ஸ்தாபனம் அது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் தோல்வியுற்று, 2024 அக்டோபரில் கணினிக் கொள்ளையரால் தாக்கப்பட்டுச் சில காலம் கதவடைத்தும் கிடந்தது. மனிதகுலத்தின் ஞாபகத்தை இப்படிப்பட்ட ஒற்றைத் தூணின்மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இதைக்காட்டிலும் பெரிய மாறுதல் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் தொடங்கியிருக்கிறது. கேள்விக்குரிய பக்கத்தின் முகவரியைக் காட்டிவந்த தேடுபொறிகள், இப்போது பக்கங்களையெல்லாம் தாமே வாசித்து, விடையைத் தாமே எழுதித் தருகின்றன. வாசகனுக்குச் சௌகரியந்தான். ஆனால் அந்த விடையின் மூலத்தை எழுதியவனுடைய வாசலுக்கு ஆள் வருவது நின்றுபோகிறது. விக்கிப்பீடியாவை நேரே வந்து படிக்கும் மனிதர்களின் வரவு முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு குறைந்திருப்பதாக அதன் அறக்கட்டளை 2025-இல் அறிவித்தது. அதே சமயம், பக்கங்களை அள்ளிச் செல்லும் யந்திரங்களின் வரவால் அதன் செலவு ஏறியிருக்கிறது. வாசகன் வராவிட்டால் திருத்துவோன் வரமாட்டான். திருத்துவோன் வராவிட்டால் யந்திரம் அடுத்த முறை எதைப் படித்து விடைசொல்லும்? 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனம், அள்ளிச் செல்லும் யந்திரங்களிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஏற்பாட்டை அறிவித்தபோது, நெடுங்காலமாகத் தூங்கிய அந்த 402 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டது. இது பெரிய பத்திரிகைகளுக்கு உதவலாம். தமிழில் தனியே அமர்ந்து தன் ஊர்க் கோவிலைப் பற்றியும், வழக்கொழிந்த நெல் ரகத்தைப் பற்றியும் எழுதும் ஆசிரியருக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பது சந்தேகமே.

தமிழுக்கு இதில் தனியான ஓர் அபாயம் இருக்கிறது. யந்திரங்கள் கற்பது வலையில் உள்ள எழுத்திலிருந்து. தமிழ் எழுத்தோ வலையில் சொற்பம். பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட் இடத்தில் அடங்க, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடத்தைப் பிடிக்கிறது என்பதனால் செலவிலும் நாம் சற்றுப் பின்தங்கியே நிற்கிறோம். மறைந்துபோன ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் அந்தச் சொற்பத்தையும் குறைக்கிறது. பெர்னர்ஸ்-லீ தற்போது, ஒவ்வொருவர் தகவலும் அவரவர் பெட்டகத்திலேயே இருக்கட்டும், கம்பெனிகள் வந்து அனுமதி கேட்கட்டும் என்று ‘சாலிட்’ என்ற புதிய திட்டத்தைச் சொல்லிவருகிறார். நல்ல நோக்கம், ஆனால் பெட்டகத்தைக் காக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அதனையும் பிரவுசிங் சென்டரில் ஒப்படைத்துவிட்டு வருவார்கள் என்றே நினைக்கிறேன். பொதுவானதைப் பொதுவான நிறுவனமே காக்க வேண்டும்; தனிமனிதரின் ஜாக்கிரதையை நம்பி அதை விட முடியாது.

அதற்கு வேண்டிய அஸ்திவாரம் நம்மிடமே இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் குறிப்பிட்ட நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. 1956-இல் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. அந்த நான்கில் ஒன்று, 1896-இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா நூலகம். சட்டம் புத்தகத்தை அறியும், பத்திரிகையை அறியும், வலைப்பக்கத்தை அறியாது. பிரிட்டன் 2013-லேயே புதிய விதிகளை வகுத்து, அந்நாட்டு வலைத்தளங்களைச் சேகரிக்கும் உரிமையைக் குறிப்பிட்ட சில நூலகங்களுக்குக் கொடுத்துவிட்டது. மத்திய சட்டம் திருந்தும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டுடைமை நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு வழங்க, தன்னார்வலர்கள் அவற்றை மெய்ப்புத் திருத்தித் தேடத்தக்க எழுத்தாக மாற்றிவருகிறார்கள். இந்தக் கூட்டுறவே போதிய முன்மாதிரி. தமிழில் வெளியாகும் வலையிதழ்களையும் தனியார் பக்கங்களையும், உரியவர் மறுத்தாலன்றி, ஆண்டுக்கொரு முறை முழுமையாகப் படியெடுத்துக் கன்னிமாராவிலும், மதுரையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், கடலுக்கு அப்பால் ஒரு நூலகத்திலுமாக மூன்று இடங்களில் வைக்கும்படி தமிழக அரசு ஆணையிட வேண்டும். தன் சொந்த அரசாணைகளையும், படமாக எடுத்துத் தொங்கவிடாமல், தேடிப் படிக்கக்கூடிய எழுத்தாக, மாறாத முகவரியில் வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு ஒரு தொகையை ஒதுக்குமாறு முதல்வரையும் தமிழ் வளர்ச்சித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.